வூயி மலைப் பாறைத் தேயிலை: சுவைப்பதும் வடிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தின் வடக்கே, செம்பாறைகள் செங்குத்தாக எழும் வூயி மலையில் விளைந்து, கரித் தணலில் பக்குவப்படும் ஊலாங் தேயிலைக்குப் பாறைத் தேயிலை என்று பெயர். இதை முதன்முறையாகக் குடிப்பவர்கள் வறுவல் மணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வறுவல் மணம் முதல் இரண்டு கோப்பைகளோடு தணிந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சுவதுதான் மலை கொடுத்தது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்தப் பிற்பகுதியை எப்படி எட்டுவது என்பதைப் பற்றியவை.

ஊலாங் என்பது பச்சைத் தேயிலையா, கறுப்புத் தேயிலையா?

இரண்டுக்கும் இடைப்பட்டது. எல்லாத் தேயிலையும் ஒரே இனச் செடியின் இலைதான். பறித்த பிறகு செய்யும் வேலையில்தான் வேறுபாடு. பச்சைத் தேயிலையில் இலையை உடனே சூடுபடுத்தி நிறம் மாறாமல் தடுத்துவிடுவார்கள். கறுப்புத் தேயிலையில் இலை முழுவதும் காற்றோடு கலந்து சிவக்க விடுவார்கள். ஊலாங்கில் இலை பாதி வழியில் நிறுத்தப்படுகிறது. வூயி மலையில் இந்த முறை ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டில் உருவாகி நிலைபெற்றது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பிலேயே, இலையை வெயிலில் வாட்டி, குலுக்கி, வறுத்து, தணலில் உலர்த்தும் வரிசையும், வடித்த இலை பாதி பச்சையாகவும் பாதி சிவப்பாகவும் இருக்கும் என்ற விவரமும் இருக்கின்றன. இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

இதை எப்படிச் செய்கிறார்கள்?

முக்கியமான அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி மே நடுப்பகுதி வரை. மென்மையான கொழுந்து இதற்கு உதவாது. நுனி மொட்டு விரிந்து இலையாகிவிட்ட பிறகு, மூன்று நான்கு இலைகளோடு பறிப்பார்கள். இலை ஓரளவு முற்றியிருந்தால்தான் அடுத்து வரும் குலுக்கலையும் நெருப்பையும் தாங்கும்.

பறித்த இலையைச் சிறிது நேரம் இளவெயிலில் பரப்பி வாடவிடுவார்கள். மாலையில் அதை உள்ளே கொண்டுவந்து, மூங்கில் தட்டுகளிலோ உருளையிலோ இட்டுக் குலுக்குவார்கள், பிறகு ஓய்வு, மறுபடி குலுக்கல், மறுபடி ஓய்வு. இப்படியே இரவு முழுவதும் போகும். குலுக்கும்போது இலைகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று உரசி நசுங்கும். நசுங்கிய ஓரம் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். அதே நேரத்தில் இலைக்குள் பூ மணம் உருவாகிறது. பச்சை வாசனை மங்கிப் பூ வாசனை மேலெழும் தருணத்தை மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய ஈரப்பதம், காற்றின் திசை, இலை வெயில் நாளில் பறித்ததா மழை நாளில் பறித்ததா என்பதையெல்லாம் பொறுத்து அந்தத் தருணம் முன்னே வரும் அல்லது பின்னே போகும். பாறைத் தேயிலை செய்பவர்கள் அறுவடை நாட்களில் இரவில் தூங்குவதே இல்லை.

அந்தத் தருணம் வந்ததும் சூடான இரும்புச் சட்டியில் இலையைப் புரட்டி மாற்றத்தை நிறுத்துவார்கள். உடனே சூட்டோடு உருட்டி முறுக்குவார்கள். முதல் உலர்த்தல் முடிந்ததும் காம்புகளையும் மஞ்சள் இலைகளையும் கையால் பொறுக்கி நீக்குவார்கள். தணல் வேலை அதன் பிறகுதான் தொடங்கும். அதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும் என்பதால், மே மாதம் பறித்த தேயிலை இலையுதிர்காலம் வாக்கில்தான் சந்தைக்கு வருகிறது.

பாறைக்கும் சுவைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் பலரும் நினைக்கும் வழியில் இல்லை. பாறையின் தாதுக்கள் அப்படியே கரைந்து கோப்பைக்குள் வந்து நாவில் பாறையாகச் சுவைப்பதில்லை. நிலம் செடியின் வாழ்க்கையை மாற்றுகிறது. அந்த வாழ்க்கை இலையில் தெரிகிறது.

வூயி மலை செந்நிற மணற்கல்லும் கூழாங்கற்பாறையும் அரித்து உருவான நிலப்பரப்பு. முப்பத்தாறு சிகரங்கள், தொண்ணூற்றொன்பது பாறைகள் என்று மரபாகச் சொல்வார்கள். இவற்றுக்கு இடையில் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள் உண்டு. சில இடங்களில் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவே ஒரு சிற்றோடை, அதன் ஓரமாகக் கல் அடுக்கிக் கட்டிய சிறு சிறு படிகளில் தேயிலை, அவ்வளவுதான் தோட்டம். காலையில் வெயில் தாமதமாக இறங்கும், மாலையில் சீக்கிரமே ஏறிவிடும். நேரடி வெயில் குறைவு, பாறையில் பட்டுச் சிதறி வரும் ஒளி அதிகம். பாறைச் சுவரிலிருந்து எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். மூடுபனி நெடுநேரம் தங்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். அவ்வளவு மழை பெய்தும் வேரில் நீர் தேங்காது, ஏனெனில் மண் முழுக்கச் சரளை.

நிழலில் மெதுவாக வளரும் இலையில் கசப்புத் தரும் பொருள்கள் குறைந்து, இனிமையும் திண்மையும் தரும் அமினோ அமிலங்கள் கூடும். தண்ணீர் தேங்காத, அதே சமயம் வறளாத மண்ணில் வேர் ஆழமாக இறங்கும். எட்டாம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி எழுதிய லூ யூ, சிதைந்த பாறையில் விளைவது முதல்தரம், சரளை மண்ணில் விளைவது இரண்டாம் தரம், மஞ்சள் மண்ணில் விளைவது கடைசி என்று வரிசைப்படுத்தினார். அவர் வூயி மலையின் ஊலாங்கைச் சுவைத்ததில்லை. அது அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இருந்தும் அந்த வரிசை இந்த மலைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஒரே மலைத் தேயிலைக்கு விலையில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

இடம்தான் காரணம். உள்ளூர் வழக்கில் மூன்று வட்டங்களாகப் பிரிப்பார்கள். பாதுகாக்கப்பட்ட மலைப்பகுதிக்குள், ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் பரப்பில் விளைவது ‘செங்யான்’, அதாவது அசல் பாறை. அதன் விளிம்பில் விளைவது ‘பன்யான்’, அரைப் பாறை. ஓடைக்கரைச் சமவெளியில் விளைவது கரைத் தேயிலை. அசல் பாறைக்குள்ளும் மூன்று பள்ளங்களும் இரண்டு ஓடைகளும் தலையாயவை என்று பெயர் பெற்றவை: ஹுயியுவான்கெங், நியூலான்கெங், தாவ்ஷுயிகெங், லியூசியாங்ஜியன், வூயுவான்ஜியன்.

நியூலான்கெங் பள்ளத்தாக்கு நடந்தே கடந்துவிடக்கூடிய சிறிய இடம். அங்கே விளையும் ரொவ்குய் ரகத்துக்கு ஏற்பட்ட புகழால் விலை எங்கோ போய்விட்டது. அந்தப் பெயரை ஒட்டி விற்கப்படும் அளவுக்கு அந்தப் பள்ளத்தில் செடிகள் கிடையாது. நாட்டின் அதிகாரப்பூர்வத் தரநிலையோ 2006 முதல் வூயிஷான் நகர நிர்வாக எல்லை முழுவதையும் பாறைத் தேயிலையின் பிறப்பிடமாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே உறையில் ‘வூயி பாறைத் தேயிலை’ என்று இருப்பது பொய்யல்ல. ஆனால் அது எந்தப் பள்ளம் என்பதைச் சொல்லாது. பள்ளத்தின் பெயருக்காக மட்டும் பெரிய தொகை கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. விளிம்புப் பகுதியில் விளைந்து, கவனமான கையில் செய்யப்பட்ட தேயிலை, அலட்சியமாகச் செய்யப்பட்ட பள்ளத்தாக்குத் தேயிலையைவிடப் பல மடங்கு மேல்.

தாஹொங்பாவ் தாய்ச்செடியின் தேயிலை வாங்க முடியுமா?

முடியாது. தாஹொங்பாவ் வூயி மலையின் மிகப் புகழ்பெற்ற பாறைத் தேயிலை. ஜியூலோங்கே என்ற இடத்தில் பாறைச் சுவரின் இடுக்கில் ஆறு பழஞ்செடிகள் இன்னும் நிற்கின்றன. அவற்றிலிருந்து கடைசியாக இலை பறித்தது 2005-இல். அடுத்த ஆண்டே பறிப்பு நிறுத்தப்பட்டது. அந்தக் கடைசி அறுவடையில் 20 கிராம், 2007-இல் பெய்ஜிங்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டது. நோயைத் தீர்த்த செடிக்கு நன்றியாகச் செந்நிற அங்கி போர்த்தப்பட்டது என்று ஒரு கதையும் உண்டு. பெயருக்குப் பொருள் பெரும் சிவப்பு அங்கி.

இன்று கடையில் கிடைக்கும் தாஹொங்பாவ் இரண்டு வகை. தாய்ச்செடியின் கிளையிலிருந்து பதியம் போட்டுப் பெருக்கிய செடிகளின் இலை ஒன்று. பல ரகங்களைக் கலந்து தயாரிக்கும் கலவை மற்றொன்று. சந்தையில் இருப்பவற்றில் பெரும்பகுதி இதுவே. கலவை என்றதும் தாழ்வாக நினைக்க வேண்டாம். மணத்துக்கு ஒன்று, உடலுக்கு (வாயில் உணரும் கனத்துக்கு) ஒன்று, தொண்டைக்கு ஒன்று என்று பார்த்துக் கலப்பது தனிக் கலை.

வேறு என்னென்ன ரகங்கள்?

இரண்டைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி தெரிந்ததாகிவிடும். மணத்தில் ரொவ்குய்யை மிஞ்ச முடியாது, நிறைவில் ஷுயிசியனை மிஞ்ச முடியாது என்பது வூயி மக்களின் வழக்கு. ரொவ்குய் இலவங்கப்பட்டையின் காரம் தெறிக்கும் ரகம். 1980-களுக்குப் பிறகு பரவலாக நடப்பட்டது. ஷுயிசியன் பெரிய இலை, மென்மையான உடல், ஆர்க்கிட் மலரின் சாயல். வயது முதிர்ந்த ஷுயிசியன் மரங்களின் இலையில் பாசியும் ஈர மரப்பட்டையும் கலந்த ஒரு மணம் வரும். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். இவை தவிர தியெலுவோஹான், பாய்ஜிகுவான், ஷுயிஜின்குய் ஆகியவை தாஹொங்பாவுடன் சேர்த்து நான்கு புகழ்பெற்ற செடிகளாக எண்ணப்படுகின்றன. பாய்ஜிகுவானின் இளந்தளிர் வெளிறிய மஞ்சள். அதை மிக இலேசாகத்தான் வறுப்பார்கள்.

ஏன் இவ்வளவு நெருப்பு? வறுக்காமலே விற்கக் கூடாதா?

அன்று ஈர மலையிலிருந்து தொலைதூரச் சந்தைக்குப் போக வேண்டிய தேயிலை கெடாமல் இருக்க நெருப்பு தேவைப்பட்டது. சேமிப்பு மட்டுமே நோக்கம் என்றால் இன்று காற்றுப் புகாத உறை போதும். ஆனால் முற்றிய இலையின் முரட்டுத்தனத்தை நீக்கி, அதன் பூ மணத்தைத் தேநீருக்குள்ளேயே நிலைக்கச் செய்வதும் நெருப்புதான். இலையில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து வறுத்த கொட்டை, பாகு, கோகோ போன்ற மணங்களைத் தருகின்றன. துவர்ப்பும் மட்டுப்படுகிறது.

தணல் அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தரையில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் கரியை இடித்து நெருக்கமாக நிரப்பிப் பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு மேலே சாம்பலைப் போர்த்துவார்கள். வெப்பத்தை ஏற்றி இறக்குவது இந்தச் சாம்பலின் கனத்தை வைத்துத்தான். குழிமேல் இடுப்பு குறுகிய மூங்கில் கூடையை நிறுத்தி, அதன் நடுத்தட்டில் தேயிலையைப் பரப்புவார்கள். வறுப்பவர் புறங்கையைக் கூடையின் பக்கத்தில் வைத்து வெப்பத்தை அறிவார். இலையைப் புரட்ட வேண்டிய நேரத்தில் கூடையைத் தணலிலிருந்து தூக்கி, அகன்ற தட்டில் வைத்த பிறகே புரட்டுவார். தணலுக்கு மேலேயே புரட்டினால் தூள் உதிர்ந்து கரியில் விழுந்து புகையும். அந்தப் புகை ஒரு கூடைத் தேயிலையையும் கெடுத்துவிடும். ஒரு சுற்று பல மணி நேரம். அதன் பிறகு தேயிலையைச் சில வாரங்கள் ஆறவைத்து, சுவைத்துப் பார்த்து, தேவையானால் அடுத்த சுற்று.

மின் அடுப்பில் வறுத்ததும் சந்தையில் ஏராளம். கரி என்ற சொல்லுக்கே விலை ஏற்றுகிறார்கள். நல்ல கையில் மின் அடுப்பு நன்றாகவே வேலை செய்கிறது; புகை பிடித்த கரி வறுவலைவிட அதுவே எனக்கு ஏற்பு.

என் தேயிலை கருகல் வாசனையாகவே இருக்கிறதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வறுத்துச் சில வாரங்களே ஆகியிருக்கலாம். நெருப்பு இலையில் அமர்ந்திருக்கும்போது நாக்கு வறளும், உள்ளே உள்ள எதுவும் தெரியாது. இலேசான வறுவலுக்கு ஒரு மாதம், நடுத்தர வறுவலுக்கு இரண்டு மூன்று மாதங்கள், முழு வறுவலுக்கு அரை ஆண்டு அல்லது அதற்கு மேலும் ஓய்வு கொடுங்கள். பொதியைத் திறக்காமல் அலமாரியில் வைத்து மறந்துவிடுவதே நல்லது.

இரண்டாவது காரணத்துக்கு மருந்து இல்லை: இலை உண்மையாகவே கருகியிருக்கலாம். தரக்குறைவான இலையின் குறையை மறைக்கக் கடுமையாக வறுப்பது நெடுநாள் வழக்கம். கண்டுபிடிக்க எளிய வழி, எல்லாம் வடித்து முடித்த பின் இலையைப் பார்ப்பது. கொதிநீரில் பலமுறை ஊறியும் விரியாமல், விரலால் நசுக்கினால் கரித்தூளாக உடைந்தால், அது கருகியதுதான்.

பாறையின் சாயல் தெரிகிறது என்கிறார்களே, அது என்ன சுவை?

நாவில் தேடினால் கிடைக்காது, தொண்டையில் தேடுங்கள். விழுங்கியபின் வாயில் ஈரம் ஊறும், தேநீருக்கு ஒரு கனமும் முதுகெலும்பும் இருப்பதாகத் தோன்றும், மூச்சு விடும்போது மணம் மேலே திரும்பும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் பின்னாலிருந்து இனிப்பு எழுமே, அந்த இனிப்பு இங்கே தண்ணீர் இல்லாமலே, நிமிடக்கணக்கில் நிற்கும். நிறையக் குடித்தவர்களும் இதைச் சொற்களில் பிடிக்கத் தடுமாறுகிறார்கள். ஆனால் கரைத் தேயிலையையும் அசல் பாறைத் தேயிலையையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் விளக்கமே தேவைப்படாது. முன்னது வாயிலேயே முடிந்துவிடும்.

18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யுவான் மெய்க்கு வூயி தேநீர் பிடிக்காது; மருந்து குடிப்பதுபோல் கெட்டியாகவும் கசப்பாகவும் இருக்கிறது என்று ஒதுக்கியிருந்தார். 1786-இல் வயது எழுபதை எட்டியிருந்தபோது மலைக்கே போனார். அங்கிருந்த துறவிகள் அக்ரூட் கொட்டை அளவுக் கோப்பையில், எலுமிச்சை இனப் பழம் ஒன்றின் அளவே இருந்த கெண்டியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். முதலில் முகர்ந்து, பிறகு சிறிது சிறிதாக அருந்தி, வாயில் வைத்து அசைபோட்டபோது அவருக்கு அந்தத் தேநீர் புரிந்தது. மற்ற புகழ்பெற்ற தேநீர்களெல்லாம் மெலிந்தவையாகத் தோன்றின. அளவும் வேகமும் மாறியதால் கருத்தே மாறியது என்பதை அவருடைய எழுத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். குடம் போன்ற கோப்பையில் ஊற்றி மடக்கென்று குடித்தால் இந்தத் தேநீர் யாருக்கும் பிடிபடாது.

என்னென்ன பாத்திரங்கள் தேவை?

100 முதல் 120 மில்லிலிட்டர் பிடிக்கும் மெல்லிய பீங்கான் கைவான், அதாவது மூடியும் தட்டும் உள்ள கிண்ணம். வடித்ததை ஊற்ற ஒரு சிறு குவளை. ஓரிரு வாய் மட்டுமே பிடிக்கும் கோப்பைகள். ஒரு சமையல் தராசு. கைவானை விளிம்பின் இரு பக்கமும் கட்டைவிரலும் நடுவிரலும் பிடிக்க, ஆள்காட்டி விரல் மூடியின் குமிழ்மேல் இருக்க வேண்டும். விளிம்புவரை நீர் ஊற்றாதீர்கள்; விரல் சுடுவது அதனால்தான்.

யிஷிங் களிமண் கெண்டி அழகானது, சூட்டை நன்றாகக் காக்கும், கூரிய மூலைகளை வழுவழுப்பாக்கும். ஆனால் அது தேயிலையின் குறையையும் சேர்த்து மறைத்துவிடும். தேயிலையை அறிந்துகொள்ளப் பீங்கான், பழகிய தேயிலையை ரசிக்கக் களிமண்.

எவ்வளவு இலை, எவ்வளவு நேரம்?

ஒரு கைவானுக்கு 8 கிராம். கிண்ணம் முக்கால் பங்கு நிறைந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாறைத் தேயிலை பெரும்பாலும் ஏறத்தாழ இந்த எடையில்தான் சிறு பொதிகளாக வருகிறது. முறுக்கிய நீள இலையை உடைக்காமல் போடுங்கள். பொதியின் அடியில் உள்ள தூளைக் கடைசியாக மேலே தூவுங்கள்.

முதலில் காலிக் கைவானைக் கொதிநீரால் நன்றாகச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு இலையைப் போட்டு மூடி ஒருமுறை குலுக்குங்கள். மூடியைத் திறந்து முகருங்கள். உலர்ந்த இலையின் மணம் தெளிவாக எழுவது இந்த நேரத்தில்தான்.

பிறகு நன்றாகக் கொதிக்கும் நீர். முதல் மூன்று வடிப்புகளுக்கு 5 முதல் 10 விநாடி. நான்காவது 15, ஐந்தாவது 20, ஆறாவது 30, ஏழாவது 45 என்று நீட்டிக்கொண்டே போகலாம். நல்ல தேயிலை எட்டு வடிப்புகள் தாராளமாகத் தாங்கும். ஒவ்வொரு முறையும் கடைசித் துளிவரை வடித்துவிடுங்கள். உள்ளே தங்கும் சிறிது நீர்கூட அடுத்த வடிப்பைக் கசக்க வைக்கும். வடித்தபின் மூடியை இலேசாகத் திறந்துவைத்தால் இலை அவியாது.

இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும். இலேசாக வறுத்ததற்கு இன்னும் சில விநாடிகள் கொடுக்கலாம். முழு வறுவலுக்கு முதல் வடிப்பை இன்னும் சுருக்கலாம். நாக்கு சொல்வதைக் கேளுங்கள்.

தண்ணீர் முக்கியமா?

மிகவும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் வடித்தால் மேலே ஆடை படரும், மணம் அமுங்கும், நிறம் கறுக்கும். தாதுக்களை முழுக்க வடிகட்டிய நீரில் தேநீர் வெறுமையாக, உடலின்றி இருக்கும். தாது குறைந்த மென்னீர் புட்டிகள் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வடிகட்டிய நீரில் நல்ல குடிநீரைச் சிறிது கலந்து நீங்களே சோதித்துப் பாருங்கள்.

சூட்டில் சமரசம் கூடாது. 80 டிகிரி நீரில் இந்த இலை திறக்காது. ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஆகவே பாத்திரத்தை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி, நேரத்தையும் சில விநாடிகள் கூட்டுங்கள்.

முதல் நீரைக் கொட்டிவிட வேண்டுமா?

தூசும் கரித்துகளும் போக, ஊற்றிய உடனே வடித்துக் கொட்டுபவர்கள் உண்டு. சுத்தமான, நன்றாக ஆறிய தேயிலைக்கு அது கட்டாயமில்லை. நான் அந்த நீரைக் கொட்டாமல் தனியே வைத்துக் கடைசியில் ஆறிய பின் குடிக்கிறேன். ஆறிய தேநீரில் குறை ஒளிந்துகொள்ள முடியாது.

கசக்கிறது. என்ன செய்வது?

உடனே நீரின் சூட்டைக் குறைக்காதீர்கள். முதலில் நேரத்தைக் குறையுங்கள். அதன் பிறகு இலையின் அளவை ஒரு கிராம் குறையுங்கள். அப்போதும் கசந்தால், அந்தக் கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள். வந்த வேகத்தில் கரைந்து இனிப்பாக மாறினால் அது குறையே இல்லை. நாவின் பின்புறம் ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் தேயிலையில்தான் கோளாறு.

பாலும் சர்க்கரையும் சேர்க்கலாமா?

சேர்த்தால் தொண்டையில் வர வேண்டியது வராது. பால் தேநீருக்கு நீலகிரி, அசாம் தூள்களே பொருத்தம். அதற்காகவே உருவானவை அவை.

நல்ல தேயிலையா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். தேயிலைத் தேர்வாளர்கள் ஊலாங்குக்குக் கையாளும் முறையே எளிமையானது. 5 கிராம் இலை, 110 மில்லிலிட்டர் கொதிநீர், மூன்று வடிப்புகள்: முதலாவது 2 நிமிடம், அடுத்தது 3, கடைசியாக 5. ரசிப்பதற்கான முறை அல்ல இது. குறைகளை வெளியே இழுப்பதற்கானது. ஊறிக்கொண்டிருக்கும்போதே மூடியை எடுத்து அதன் உட்புறத்தை முகருங்கள். புளிப்பு, புகை, பூஞ்சணம், பச்சை வாடை எதுவாக இருந்தாலும் அங்கே முதலில் தெரியும். மூன்றாவது வடிப்பிலும் உடலும் இனிப்பும் இருந்தால் அந்த இலை நல்ல மண்ணில் விளைந்திருக்கிறது. முதல் வடிப்பில் ஊரையே கூட்டும் மணம் எழுந்து மூன்றாவதில் வெந்நீராகிவிட்டால், உங்கள் பணம் மணத்துக்கு மட்டும் போயிருக்கிறது.

பிறகு இலையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். ஓரத்தில் செந்நிறக் கரை, நடுவில் மங்கிய பச்சையோ பழுப்போ இருக்க வேண்டும். கனமாக வறுத்ததில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதற்குப் பதிலாக இலையின் முதுகில் சிறு சிறு கொப்புளங்கள் எழுந்திருக்கும். சீனாவில் அதைத் தேரை முதுகு என்பார்கள். பொறுமையான வறுவலின் அடையாளமாக அதைக் கொள்ளலாம். விரலால் தடவினால் இலை தடித்து, தோல்போல் வழுவழுப்பாக இருக்க வேண்டும்.

எப்படிச் சேமிப்பது? பழையதாக்கலாமா?

காற்று, ஒளி, ஈரம், பிற வாசனை நான்கும் பகை. கடலோர ஊர்களில் ஈரம்தான் பெரிய பகை. பெரிய டப்பாவைத் தினமும் திறந்து மூடுவதைவிடச் சிறு பொதிகளாக வாங்குவது பாதுகாப்பு. குளிர்பெட்டி வேண்டாம். சமையலறை அலமாரி வேண்டவே வேண்டாம். பெருங்காயமும் மிளகாய்த்தூளும் இருக்கும் இடத்தில் எந்தத் தேயிலையும் பிழைக்காது.

நடுத்தர, முழு வறுவல் தேயிலைகள் ஓரிரு ஆண்டில் மெருகேறும். பத்தாண்டுக்கு மேல் வைத்தவை உலர்ந்த பிளம் பழத்தின் புளிப்பும் மூலிகை மணமும் கொள்ளும். ஈரம் ஏறிய தேயிலையைச் சிலர் மறுபடி வறுத்துக் காப்பாற்றுகிறார்கள். பூஞ்சணம் வந்ததைத் தூக்கி எறியுங்கள்.

இரவில் குடிக்கலாமா?

8 கிராம் இலையில் கஃபீன் கணிசமாக இருக்கிறது, வறுப்பதால் அது போய்விடுவதில்லை. தூக்கம் இலேசானவர்கள் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், தலை சுற்றும்.

மற்ற வறுத்த ஊலாங்குகளோடு எப்படி ஒப்பிடுவது?

தென் ஃபூஜியனின் ஆன்சியில் விளையும் தியெகுவான்யின்னும், தைவானின் தோங்திங்கும் உருண்டையாகச் சுருட்டப்படுபவை. இனிமையும் வழுவழுப்பும் முன்நிற்கும். குவாங்தோங் மாகாணத்தின் ஃபெங்ஹுவாங் தான்சொங் நீள இலை. மணத்தில் பாறைத் தேயிலையைத் தாண்டும், தவறாக வடித்தால் கசப்பிலும் தாண்டும். தொண்டையில் நிற்கும் கனத்தில் வூயிக்கு நிகர் இல்லை என்பது என் கருத்து.

முதன்முதலாக வாங்குபவர் எதை வாங்கலாம்?

100 கிராம் டப்பா வேண்டாம். 8 கிராம் பொதிகளாக மூன்று வாங்குங்கள்: நடுத்தர வறுவல் ஷுயிசியன் ஒன்று, ரொவ்குய் ஒன்று, கலவைத் தாஹொங்பாவ் ஒன்று. அறுவடை ஆண்டையும் வறுவலின் அளவையும் சொல்லும் கடையாகத் தேர்ந்தெடுங்கள். பேரரசர் கதைகளை மட்டும் சொல்லும் கடையைத் தவிருங்கள். ஷுயிசியனையும் ரொவ்குய்யையும் ஒரே நாளில், ஒரே நீரில், இரண்டு கைவான்களில் ஒரே நேர அளவோடு வடியுங்கள். முதல் இரண்டு வடிப்புகளில் ரொவ்குய் முந்தும். எது பிடித்தது என்று அப்போதே முடிவெடுக்காமல் ஐந்தாவது வடிப்புவரை இரண்டையும் கொண்டு போங்கள். அதில் தொண்டையில் நெடுநேரம் நிற்கும் ரகத்தை அடுத்த முறை இன்னும் நல்ல இடத்திலிருந்து வாங்குங்கள்.